செத்த கடிதங்கள்

செபு நகரத்துக் கணினி நிறுவனம் அது. யாருக்கும் போய்ச் சேராத கைபேசிச் செய்திகள் ஒதுங்கிக் கிடக்கும் வரிசைக்கு அங்கே 'செத்த கடிதங்கள்' என்று பெயர்.

"இன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிடு, ஜொவெலின்," என்றார் மேலாளர் ரொடெல்.

"இந்த அம்மாவுது மட்டும் இருக்கட்டும், கூயா," என்றாள் அவள். அங்கே அண்ணனைக் 'கூயா' என்பார்கள். " எட்டு மாசமா தினம் ஒண்ணு அனுப்பியிருக்காங்க."

அவர் எட்டிப் பார்த்தார். 'மகளே, மழை வருது. உன் அறை ஜன்னலைச் சாத்திட்டேன்.'

"ஐயோ! பொண்ணு செத்துட்டாளா? பெத்தவளுக்கு அது தெரியாதா?"

"சாகலை. சண்டை போட்டுட்டு போஹோல் தீவுலேருந்து ஓடி வந்தா. நம்பரை மாத்திட்டா."

"கல்நெஞ்சக்காரி! உனக்கெப்படித் தெரியும்?"

"அது என் பழைய நம்பர், கூயா. இந்த வரிசையை இன்னைக்குத்தான் திறந்தேன்."

ரொடெல் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிப் படகு இன்னும் கிளம்பலை. ஓடு, கழுதை!"