ஏழு மணி அழைப்பு

“இருக்கீங்களா மெர்வின், போயிட்டீங்களா?”

“இருக்கேன் அம்மணி. செத்தவன் ஃபோன் எடுப்பானா?”

“உங்களை நம்ப முடியாது. செத்தப்புறமும் எடுத்து, ஏன் ரெண்டு நிமிஷம் லேட்டுன்னு கேப்பீங்க.”

“ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட். கடிகாரத்தைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

மெர்வின் ஹாஸ்கெலுக்கு வயது எழுபத்தாறு. ஃபீனிக்ஸ் நகரில் நாற்பது ஆண்டுகள் ஏசி பழுதுபார்த்து, ஊரார் வீடுகளையெல்லாம் குளிர்வித்தவர். தாம் இறந்ததும் தம் உடலையும் குளிர்வித்துத் திரவ நைட்ரஜனில் பாதுகாக்க வேண்டும் என்று, உள்ளூர் உறைநிலைக் காப்பகம் ஒன்றில் உறுப்பினராகியிருந்தார். மருத்துவம் வளர்ந்து என்றாவது ஒரு நாள் எழுப்பிவிடும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. எழுப்புவது பிற்காலத்தவர் பாடு. இதயம் நின்றதும் தாமதமின்றி ஐஸில் வைப்பது இக்காலத்தவர் பாடு. மணிக்கணக்கில் கிடந்துவிட்டால் அத்தனையும் வீண்.

அதை மெர்வின் நேரில் கண்டிருக்கிறார். அவருடைய அண்ணன் வெர்னனும் அதே காப்பகத்தின் உறுப்பினர்தாம். ஒரு ஜூலை மாதத்தில் வீட்டில் தனியாக இறந்தார். மூன்று நாள் கழித்தே கதவை உடைத்தார்கள். காப்பகத்தார் வந்து பார்த்தனர். தொப்பியைக் கழற்றிச் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போயினர்.

மறுநாளே மெர்வின் காப்பகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்தார். அதன் பயனாக வந்ததுதான் இந்தக் காலை ஏழு மணி அழைப்பு. காப்பகத்துக்கு அடுத்த தெருவில் தனியாக வசித்த கோரா என்ற மூத்த உறுப்பினர், தொண்டராக இந்தப் பணியை ஏற்றுக்கொண்டார். மெர்வின் எடுக்காவிட்டால் கோரா அலுவலகத்துக்குச் சொல்வார். ஐஸ் பெட்டிகளோடு வண்டி புறப்படும். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. ஆனால், மூன்று ஆண்டுகளில் ஒரு காலையும் தவறியதில்லை.

“ஃப்ரீசர்ல எத்தனை பை ஐஸ் இருக்கு?” என்று கோரா கேட்டார்.

“பன்னெண்டு.”

“நேத்து பதிமூணு சொன்னீங்க.”

“ஒண்ணைப் பிரிச்சு எலுமிச்சை ஜூஸ்ல போட்டுக்கிட்டேன். வெயில் நாப்பத்தஞ்சு டிகிரி.”

“செத்தப்புறம் வேண்டியதை இருக்கறப்பவே குடிச்சுத் தீத்துடுங்க. பிரேதப் பரிசோதனை வேண்டாம்னு கையெழுத்துப் போட்ட தாள்?”

“கதவுக்குப் பின்னால ஒட்டியிருக்கேன். ‘என் மத நம்பிக்கைக்கு விரோதம்’னு அதுல இருக்கு. நான் சர்ச்சுக்குப் போயே முப்பது வருஷமாச்சு.”

“எந்த மதம்னு அதுல கேக்கலையே. பேசாம இருங்க. காப்பகத்து ஃபோன் நம்பர் போட்ட கைப்பட்டை?”

“குளிக்கறப்பகூடக் கழட்டறதில்ல. உங்களுக்கு இதெல்லாம் அலுக்கலையா அம்மணி?”

“உங்க முணுமுணுப்பைக் கேக்காட்டி எனக்குக் காப்பி இறங்காது. வெச்சிடறேன்.”

அடுத்த வியாழக்கிழமை ஏழு மணிக்கு அழைப்பு வரவில்லை. மெர்வின் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இரண்டு. ஏழு மூன்று. ரொட்டி கருகும் வாசனை வந்தது. அதைக்கூட அவர் எழுந்து கவனிக்கவில்லை. ஏழு நான்கு ஆனதும் காப்பகத்தின் அலுவலக எண்ணைச் சுழற்றினார். ராய் என்ற ஊழியர் எடுத்தார்.

“ராய், உங்க கோரா இன்னிக்குக் கூப்பிடலை. நாலு நிமிஷமாச்சு. நான் செத்துக் கிடந்திருந்தா என் கதி என்னப்பா?”

மறுமுனையில் நாற்காலி தடாலென்று நகர்ந்தது. பிறகு, “கிளம்புங்க, ஆம்புலன்சுக்கும் சொல்லிடுங்க” என்று ராய் யாரிடமோ சொல்வது கேட்டது.

“யாரைக் கிளம்பச் சொல்றே? நான்தான் உயிரோட இருக்கேனே.”

“தெரியுது சார். அப்புறம் கூப்பிடறேன்.”

மெர்வினுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளை எடுத்து, பொறுப்பற்ற தொண்டர்களைப் பற்றிக் காப்பகத் தலைவருக்குப் புகார் எழுதத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தை எட்டியபோது மணி ஒன்பதரை. ராய் அழைத்தார்.

“சார், கோரா போயிட்டாங்க. ஆம்புலன்ஸ்காரங்க எவ்வளவோ முயற்சி பண்ணினாங்க, முடியலை. நாங்க பக்கத்துலயே தயாரா நின்னோம். டாக்டர் உறுதி பண்ணின அடுத்த நிமிஷம் ஐஸ்ல வெச்சிட்டோம். இவ்வளவு சீக்கிரம் யாரையும் நாங்க சேத்ததில்லை.”

மெர்வின் புகார்க் கடிதத்தை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

“என்னைப் பாத்துக்கிட்ட மனுஷி போயிட்டா,” என்றார். “நாளையிலேருந்து நான் இருக்கேனா இல்லையான்னு யாருப்பா கேப்பாங்க?”

“சார், நல்லா இருக்கறவங்களுக்கு நாங்க அழைப்பே வைக்கறதில்லை, உங்க இதயம் இரும்பு மாதிரின்னு நீங்க உறுப்பினரா சேந்தப்பவே டாக்டர் எழுதிட்டார். இதயம் பழுதா இருந்தது கோராவுக்குத்தான், ஆனா ‘செத்தியா இருக்கியான்னு தினம் ஒருத்தன் என்னைக் கேக்கக் கூடாது’ன்னு பிடிவாதமா சொல்லிட்டாங்க, அதனாலதான், அஞ்சு நிமிஷ தாமதத்தைப் பொறுக்காத ஒரு ஆளாப் பாத்து, அவருக்கு தினமும் ஃபோன் பண்ற வேலையை அவங்ககிட்ட குடுத்தோம்.”