மூணு மாசம்

"எத்தனை மாசம்மா?" என்று கேட்டுக்கொண்டே பழக்காரம்மா எழுந்து இடம் கொடுத்தாள்.

"மூணு" என்று இவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

உட்கார்ந்த பிறகுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். இதே பேருந்து, இதே பழக்கூடை. போன வருஷமும் இந்த அம்மாதான் எழுந்து இடம் கொடுத்தாள். அப்போதும் மூணு மாசம்தான்.

துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கிற வேலை இவளுக்கு. மாசாமாசம் அந்த நாட்களில் இடுப்பு இற்று விழும். வலிக்கிறது என்று சொன்னால் பேருந்தில் ஒரு ஆள் எழுந்திருக்க மாட்டார். எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே என்பார் கடை மேனேஜர். வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் அன்பாக.

ஒரு நாள் உப்பியிருந்த வயிற்றைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் தானாகவே எழுந்து, மாசமா இருக்கியாம்மா என்று கேட்டார். தலையாட்டி வைத்தாள். உட்கார்ந்ததும் உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து வலி வரும்போதெல்லாம் இவளுக்கு மூணு மாசம்.

உண்மையில், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நாள் தள்ளிப் போனதில்லை.

அதுதான் இவளைப் பிடித்து ஆட்டியது. பொய் எங்கேயோ போய்க் கேட்டுவிட்டது. வரவேண்டிய பிள்ளை, இங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று வாசலோடு திரும்பிவிட்டது. விரித்துப் போட்ட துணிகளை மடித்து அடுக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளை முதுகுக்குப் பின்னால் நிற்பது போலவே இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டாள்.

இன்று காலையில் ஸ்கேன்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே, "கர்ப்பப்பை மூணு மாச அளவுல இருக்கு" என்றார்.

அந்த ஒரு நொடிக்குள் இவள் பிள்ளைக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

அளவைத்தான் சொன்னேன், குழந்தை இல்லை என்று டாக்டரம்மா அவசரமாகத் திருத்தினார். உள்பக்கம் இருக்கவேண்டிய சவ்வு கர்ப்பப்பையின் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்ந்திருக்கிறதாம். மாசாமாசம் அங்கேயே ரத்தம் கசிந்து வீங்கிப் பெருத்திருக்கிறதாம். இத்தனை வருஷ வலியும் அதனால்தானாம். அடினோமயோசிஸ்.

வாயில் நுழையாத துணி ரகங்களின் பெயரையெல்லாம் ஒரே நாளில் மனப்பாடம் செய்கிறவள், இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது. தான் நடிக்கவில்லை. அழுகை வந்தது, நிம்மதியில்தான்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் சொன்ன பொய், சொன்ன அளவு பிசகாமல் உள்ளே வளர்ந்திருக்கிறது.

பேருந்து குலுங்கியது. பழக்காரம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது, சந்தேகமேயில்லை. பேருந்தே திரும்பிப் பார்க்கிற மாதிரி வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று இவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

திட்டு விழவில்லை. தோளில் ஒரு கைதான் விழுந்தது.

"போன வருஷத்தது தங்கலையா கண்ணு?"

ஆறுதல் சொல்கிற குரல். மற்றவர்கள் காதில் விழாதபடி, அவ்வளவு மெதுவாக.

இவள் கண்ணைத் திறக்காமலே வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"தங்கிடுச்சுக்கா. போகத்தான் மாட்டேங்குது."