பெரட்டுக்குப் போகும் வழி

புசல்லாவை மலைச்சரிவில் இன்னும் சரியாக விடியவில்லை. கோப்பிச் செடிகளின் மேல் பனிமூட்டம் இறங்கிக் கிடக்க, வெள்ளச்சி ஓட்டமும் நடையுமாகப் போகிறாள். தோளில் பழம் பறிக்கும் சாக்கு. கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் காய்ச்சலோடு கிடக்கும் புருசன் சடையனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுப் புறப்பட நேரமாகிவிட்டது. ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்படிப்பார்கள். அது ஓய்வதற்குள் அவள் கோப்பி ஸ்டோர் வாசலில் நிற்க வேண்டும். பின்னால் மடவளை மீராலெவ்வையின் மாட்டுவண்டி கடகடவென்று வருகிறது. அடியில் லாந்தர் ஆடுகிறது. “ஏறுங்க தங்கச்சி, வண்டியும் ஸ்டோருக்குத்தான்.” “வேணாம் நானா. இந்தச் சத்தத்துல தப்புக் கேக்காது.” சொல்லிக்கொண்டே முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறாள். காலில் ஏறிய அட்டையைக்கூட நின்று பிடுங்கவில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்து அவர் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார். சக்கரம் நிற்கிறது. மாடுகளின் மூச்சு வெள்ளையாகப் புகைகிறது. இப்போது தப்புக் கேட்கிறது. அவள் பாய்ந்து நாலு எட்டு ஓடி, அப்படியே நின்றுவிடுகிறாள். சத்தம் ஸ்டோரிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், லயத்துப் பக்கமிருந்து வருகிறது. அது பெரட்டுக்கு அடிக்கும் அடியும் இல்லை. சாவுக்கு அடிப்பது. “லயத்துல இன்னும் மூணு பேரு காய்ச்சலாக் கெடக்குறாங்க நானா,” என்கிறாள். அவர் வண்டியைத் திருப்புகிறார். கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்து முக்காட்டை இழுத்துக் காதோடு இறுக்கிக்கொள்கிறாள். “ஓட்டுங்க நானா. நல்லாச் சத்தமா ஓட்டுங்க.”