தையில் பூத்த வேம்பு

வேலணைச் சந்தி பஸ் தரிப்பிடத்து வேம்பு பங்குனியில் பூக்கவேண்டியது. பஸ் எஞ்சின் வெக்கை தாங்காமல் தையிலேயே பூத்துவிட்டது. இலையெல்லாம் புகைக்கரி. சாரதி நிதர்சன் அதன் கீழ்தான் பஸ்ஸை விடுவான். திரும்ப ஸ்டார்ட் வராது என்று எஞ்சினை அணைப்பதேயில்லை. டொக்டர் கைவிட்ட அவனுடைய இருமல், அந்த நிழலில் மட்டும் வராது.

"கெட்டிக்கார மரம் அக்கா. இவ்வளவு புகையையும் குடிச்சுப்போட்டுப் பூத்தும் நிக்குது," என்றான் தேநீர்க்கடைக் கோசலாவிடம்.

"ஓம். ஒருக்கா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டுக் கேளும்."

நிறுத்தினான். மேலே, கொப்புகளுக்குள், இருமல் கேட்டது. அவனுடையதுதான், கடைசியில் வரும் சின்ன விசில்கூட இருந்தது. கொஞ்சம் பூ உதிர்ந்தது.

அன்று தொடக்கம் அந்த பஸ்ஸைப் பயணிகள்தான் தள்ளிவிடுகிறார்கள். ஒருவரும் முணுமுணுப்பதில்லை.