துடிக்காத நட்சத்திரம்

மூன்றாவது பொன்னாடை தோளில் விழுந்தபோது காளீஸ்வரிக்கு உடம்பே கூசியது.

ராஜபாளையத்துக் கல்யாண மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விழா. மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸில் அவளுடைய படம், சுற்றிலும் நட்சத்திரங்கள். கல்யாணப் பெண்ணைவிடக் கூடுதலாகவே படத்தில் அவளை வெள்ளையடித்திருந்தார்கள்.

மம்சாபுரத்துப் பெண், வானத்து நட்சத்திரத்துக்கே நாடி பிடித்துவிட்டாள் என்று ஊர் கொண்டாடியது. அப்பா ராக்கப்பன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, முன் வரிசையில் சலவைச் சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அது தலைதெறிக்கச் சுற்றும் ஒரு சூடான நட்சத்திரம். அதன் வெளிச்சம் கூடிக் குறைவதைப் பார்த்து, அது துடிக்கிறது என்று காளீஸ்வரி அறிவியல் இதழில் கட்டுரை எழுதினாள். அந்தக் கட்டுரையால் பெயர் வந்தது. பெரிய வேலையும் வந்தது.

பிறகுதான் தெரிந்தது, துடிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நட்சத்திரத்தின் முகத்தில் ஒரு திட்டு. சுற்றும்போதெல்லாம் அது எதிரே வந்து போகிறது. முந்திக்கொள்ளும் அவசரத்தில் அவள் சுற்றலைத் துடிப்பென்று எடுத்துக்கொண்டாள்.

மைக்கை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டாள்.

அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லியேவிட்டாள். அந்த நட்சத்திரம் துடிக்கவில்லை, நான் எழுதியது தப்பு, இந்தப் பொன்னாடைக்கு எனக்குத் தகுதியில்லை.

மண்டபம் திருதிருவென்று விழித்தது.

விழாத் தலைவர், ஜவுளிக்கடை சமுத்திரம், பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார். "எம்புட்டுப் படிச்சும் எம்புட்டு அடக்கம் பாருங்க!"

கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போனது. நாலாவது பொன்னாடையும் விழுந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கியிருந்தது. சொல்லியாயிற்று. மேடையை விட்டு இறங்கினாள்.

அப்பா மட்டும் கைதட்டவில்லை. பொன்னாடைகளை வாங்கி மடித்தபடி, பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"அப்ப அது துடிக்கலைங்கிறே. கட்டுரையைப் போட்டவியகிட்டச் சொல்லிட்டியாட்டி?"



சொல்லவில்லை. தப்பு தெரிந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது, அவர்களுக்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

பாராட்டு விழா என்று ஊரிலிருந்து கேட்டதும் அவள் உடனே தலையாட்டியதே அதனால்தான். இங்கே வாய்விட்டுச் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம், ஒருத்தருக்கும் விளங்காது.

விளங்காது என்று அவள் நம்பியவர்களில் முதல் ஆள் அப்பாதான்.