மைதானத்துக்கு முதுகு

எங்கள் கால்பந்து கிளப்புக்கு அது சீசனின் கடைசி ஆட்டம். டிரா ஆனால் பிழைப்போம். தோற்றால் இரண்டாம் லீக்குக்கு இறங்கிவிடுவோம். ஸ்கோர் ஒன்றுக்கு ஒன்று. தொண்ணூறாவது நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி கிடைத்தது.

பீர் கோப்பையைக் கீழே வைத்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் காவலுக்கு நின்ற குட்ரூன் அக்காவின் முகம் வெளிறியிருந்தது. காவலர்கள் ரசிகர்களைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

"என்னப்பா ஆச்சு?" என்று அக்கா கேட்டார்.

"அவங்களுக்குப் பெனால்டி, அக்கா. போச்சு! நம்ம கோல்கீப்பர் டோர்பன் ஒரு ஓட்டக்கையன். அவன் எங்க பிடிக்கப்போறான்? சீசன் பூரா மானத்த வாங்குனவன்!"

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். உதடுகள் முணுமுணுத்தன.

பந்து இடது மூலைக்குப் பறந்தது. டோர்பன் பாய்ந்து தட்டிவிட்டான். கடைசி விசிலும் ஊதியது. அரங்கமே அலறியது.

"தடுத்துட்டான்க்கா! தப்பிச்சோம்!" தடுப்புக்கு மேலாக எக்கி அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் அப்போதுதான் கண்களைத் திறந்தார்.

"பாவம்க்கா நீங்க. சீசன் பூரா இங்க நின்னும் ஒரு மேட்ச்கூட பாக்கல. அடுத்த வருஷமாவது டிக்கெட் வாங்கி எங்ககூட உக்காருங்க."

"வேணாம்ப்பா. பாக்கக் கூடாதுன்னுதான் இந்த வேலையக் கேட்டு வாங்குனேன்."

"ஏன்க்கா?"

"வீட்டுல இருக்கவும் முடியல, பாக்கவும் தைரியமில்ல. டோர்பன் என் பையன்."