டாக்டர் பார்க்கும் கால்

பிரிக்பீல்ட்ஸ் ரயில் கொட்டகைக்கு எதிரே இருக்கும் டிஸ்பென்சரியில் காலை வெயில் மருந்துப் புட்டிகளுக்குள் புகுந்து, சிவப்பும் மஞ்சளுமாய்ச் சுவரில் நடுங்குகிறது. எஞ்சின் நகரும்போதெல்லாம் புட்டிகள் கிணுகிணுக்கின்றன. பெஞ்சில் இருமல்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. டாக்டர் அருளையா நோயாளியின் முகத்தைப் பார்த்து நேரத்தை வீணாக்குவதில்லை, காலைத்தான் பார்க்கிறார். சப்பாத்துக் காலுக்குச் சீமை டானிக், இரண்டு வெள்ளி. வெறுங்காலுக்குக் கொயினா மிக்சர், முப்பது காசு. தண்டவாளக் கூலி சடையனுக்கு இது தெரியாது. டாக்டர் மதித்துக் கவனிக்கட்டும் என்று பக்கத்து வீட்டு ஆபீஸ் கிராணியின் சப்பாத்தை இரவல் வாங்கி மாட்டி வந்தவன், இப்போது டானிக் சீட்டோடு கம்பவுண்டர் ஜன்னலில் நிற்கிறான். தோளில் மகள் அனலாய்க் கொதிக்கிறாள். "ரெண்டு வெள்ளியா? எங்கிட்ட அரை வெள்ளிதான் இருக்கு, அண்ணே." கம்பவுண்டர் எட்டிக் குனிந்து அவன் காலைப் பார்த்துச் சிரிக்கிறார். "இதை யாருய்யா மாட்டிக்கிட்டு வரச் சொன்னது? கழட்டிப் போட்டுட்டு மறுபடி உள்ள போ." "கண்டுபிடிச்சிட மாட்டாரா?" "உன் மூஞ்சிய அவரு எப்பய்யா பார்த்தாரு?" இறுக்கமான சப்பாத்து கழல மறுக்கிறது. மகள் முனகுகிறாள். உள்ளே அடுத்த நோயாளிக்கு மணி அடிக்கிறது. சடையன் ஒற்றைக் காலில் தத்தி, உதறி, பிய்த்தெறிந்துவிட்டு ஓடுகிறான். டாக்டர் தலை நிமிராமல் மேசைக்கு அடியில் ஒரு பார்வை விடுகிறார். பேனா மிக்சர் என்று எழுதுகிறது. சீட்டை நீட்டும்போது அவர் குரலில் கருணை வழிகிறது: "பிள்ளைக்குக் காய்ச்சல் வராம என்ன செய்யும்? இப்படி வெறுங்காலோட திரியாதேய்யா. முதல்ல ஒரு சப்பாத்து வாங்கு."